வெர்லின் கேபர்டும் இரண்டு மஸ்டாங்கும்

வெர்லின் கேபர்டுக்கு நான் இரண்டாயிரத்து நானூறு டாலர் கடன்பட்டிருந்தேன். எண்பத்தொன்றாம் வருடம் அக்டோபர் மாதம் கை நீட்டி வாங்கியது. ஆறு மாதத்தில் திருப்பித் தருவதாகப் பேச்சு. நாற்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

கொடுக்க வக்கில்லாதவன் அல்ல நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெற்கிலிருந்து ஹாமில்டன் ஊருக்குள் வருகிற எவனும் என் பெயரைப் படிக்காமல் வர முடியாது. 'டென்வர் சைஸ்மோர், பழைய கார்கள்' என்று இருபதடிக் கம்பத்தின் மேல் சிவப்பில் எரிகிறது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கென்டக்கி மலையிலிருந்து ஓட்டை பிக்கப் வண்டியில், ஒரு பை துணியோடு ஒஹாயோவுக்கு வந்தவன். என் கைக்கு வந்து போன கார்கள் ஆறாயிரத்துக்கு மேல். ஒரு காரை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், அது எங்கே இடித்தது, எவன் பட்டி பார்த்தான், மீட்டரை எவ்வளவு பின்னால் தள்ளினான் என்று சொல்லிவிடுவேன். படித்த வக்கீல்கள் கார் வாங்கும் முன் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எழுபத்தாறு வயதாகிறது. இடுப்பு போய்விட்டது. கண்ணும் கையும் இன்னும் போகவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, வெர்லினைப் பற்றி. அந்த ஓட்டை பிக்கப்பில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவன் அவன். வயது பதினேழு. வழியெல்லாம் மடியில் ஒரு டப்பா சோளரொட்டியை வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு துண்டு, தனக்கு அரைத் துண்டு என்று பிட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தான். வந்த மூன்றாம் நாள் கார் தகடு அடிக்கிற ஆலையில் சேர்ந்தான். மூன்று மாடி உயர இயந்திரம் இறங்கி ஏறும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு மட்கார்டு. முப்பத்தி நாலு வருடம் அவன் செய்தது அதுதான். எத்தனை லட்சம் மட்கார்டு என்று ஒரு தடவை கேட்டேன். "எண்ணியிருந்தா பைத்தியம் பிடிச்சிருக்கும்டா" என்றான். அந்தச் சத்தத்தில் இடது காது முழுதாகச் செத்துவிட்டது. வலது காதில் பாதி மிச்சம். எதிரே நின்று வாயைப் பார்த்தால்தான் நாம் பேசுவது அவனுக்குப் புரியும்.

எழுபதாம் வருடம் ஓவர்டைம் காசெல்லாம் சேர்த்து ஒரு புது மஸ்டாங் வாங்கினான். கரும்பச்சை, எட்டு சிலிண்டர், கையால் போடுகிற கியர். அவன் ஆலை அடித்த மட்கார்டெல்லாம் வேறொரு கம்பெனிக்காரனுக்கு. ஆலை வாசலில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்க் கம்பெனி காரில் வருகிறவன் கடைசி வேலி ஓரம், குப்பைத் தொட்டிக்குப் பின்னால்தான் நிறுத்த வேண்டும். மற்றவர்கள் உள்ளே நுழைந்து காபி குடித்து முடிக்கும்போது வெர்லின் பனியில் கால் மைல் நடந்து வந்து சேருவான். "மாமியார் வீட்டுலேர்ந்து வர்றார்டா மாப்பிள்ள" என்று கிண்டல் செய்வார்கள். பதினொரு வருடம் நடந்தான். காரை மாற்றவில்லை.

அந்தக் காரை எனக்காகத்தான் விற்றான்.

எண்பத்தொன்றில் நான் ஒரு டிங்கரிங் கடையில் சம்பளத்துக்கு இருந்தேன். முதலாளியோடு சண்டை. டிக்ஸி நெடுஞ்சாலையில் ஒரு காலி மனை வாடகைக்கு வந்தது. முன்பணமும் லைசென்ஸ் கட்டணமும் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு வேண்டும். வெர்லினைக் கேட்டேன். அவன் மனைவி ஓலேட்டா அப்போது கர்ப்பம். இரண்டு கதவுக் காரில் குழந்தையை எப்படி ஏற்றி இறக்குவது என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். "சரி, வண்டிய வித்துடறேன், நீ எடுத்துக்க" என்றான். அவ்வளவுதான் பேச்சு. சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. ஹெஸல்பிராக் என்கிற பல் டாக்டர் வாங்கினார்.

அந்தப் பணத்தை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். முதல் ஐந்து வருடம் முடியவில்லை. அடுத்த ஐந்து வருடம் முடிந்தது, ஆனால் அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு கொடுப்பது என்று ஆகிவிட்டது. வேறு வழியில் தீர்க்கப் பார்த்தேன். அவன் வண்டிக்கு ஆயில் மாற்றுவேன், டயர் போட்டுவிடுவேன், காசு வாங்க மாட்டேன். மறுநாள் பார்த்தால் என் மேசை மேல் காபிக் கோப்பைக்கு அடியில் சரியான தொகை இருக்கும். கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடை கொடுத்தனுப்பினால், ஓலேட்டா இரண்டு ஆப்பிள் பை பலகாரம் செய்து அனுப்பிவிடுவாள். அந்தக் கடனை எதனோடும் கலக்க அவன் விடவில்லை.

ஜூலை மாதம் எங்கள் ஊரில் பழைய கார் ஊர்வலம். பல் டாக்டர் அந்தப் பச்சை மஸ்டாங்கை வருடத்தில் சில நாள்தான் வெளியே எடுப்பார், அதில் ஊர்வல நாளும் ஒன்று. வெர்லின் மெயின் தெருவில் தபால் ஆபீசுக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டுக் காலையிலேயே உட்கார்ந்துவிடுவான். கார் வரும்போது எழுந்து நிற்பான். டாக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, ஊரே கேட்கிற மாதிரி, "தரை இன்னும் கெட்டியா இருக்கு வெர்லின்" என்று கத்துவார். வெர்லினுக்குக் காது கேட்காது. வாயசைவு தெரியும். தொப்பியைத் தொட்டுத் தலையாட்டுவான். விற்ற நாளில் டாக்டர் கேட்டது அது ஒன்றுதான். எங்கள் ஊர்ச் சாலையில் பனி உருகுவதற்காகக் கொட்டுகிற உப்பு, கார்களை அடியிலிருந்து தின்றுகொண்டே வரும். அதனால் காரின் தரை, உள்ளே கால் வைக்கிற தகடு, நல்லாயிருக்கா என்று கேட்டார். "நான் வாக்குக் குடுக்கறேன் டாக்டர்" என்று வெர்லின் சொன்னான். அந்த வாக்கைத்தான் டாக்டர் வருடா வருடம் தெருவில் கூவிக்கொண்டு போனார்.

போன ஏப்ரலில் டாக்டர் போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரமே வெர்லின் என் ஆபீஸ் வாசலில் நின்றான். எழுபத்து நாலு வயது. வலது முட்டியை மாற்றிவிட்டார்கள், இடது முட்டியையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஏறி வந்த மூன்று படிக்கு இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான்.

"டாக்டர் மக வண்டிய விக்கறா" என்றான். "இருபத்தோராயிரத்து ஐநூறு."

"கேள்விப்பட்டேன்."

"காதுக்கு வந்த பணம் இருக்கு. இருபத்தோராயிரம்."

காது போனதற்கு ஆலைக்காரன் பல வருடம் இழுத்தடித்துக் கொடுத்த நஷ்டஈடு. அவன் வாழ்க்கையில் மொத்தமாகக் கையில் பார்த்த பெரிய தொகை அதுதான், இனி வரப்போவதும் இல்லை.

"காசு கெடக்கட்டும். முட்டி என்ன சொல்லுது?" என்றேன்.

"ரெண்டு வெயில்காலம் ஓட்டலாம்னு முட்டி டாக்டர் சொல்றார். அப்புறம் கிளட்ச் மிதிக்கிற வேலையே கூடாதாம்."

"ரெண்டு வெயில்காலத்துக்கு இருபத்தோராயிரமா?"

"முப்பத்தி நாலு வருஷத்துக்கு ரெண்டு வெயில்காலம்" என்றான்.

நான் வியாபாரி. சும்மா இருக்க முடியவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய் என் வரிசையில் நின்ற ஒரு சிவப்பு மஸ்டாங்கைக் காட்டினேன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மாடல். பதின்மூன்றாயிரத்துத் தொள்ளாயிரம். பழைய காரின் முகத்தை அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டு பிறந்த வண்டி.

"உன் பழைய வண்டிக்கு எட்டு சிலிண்டர், இருநூத்தி இருபது குதிரை. இதுக்கு ஆறுதான், ஆனா முன்னூத்தி அஞ்சு. நாலு சக்கரத்துலயும் டிஸ்க் பிரேக். கிளட்ச் வெண்ணெ மாதிரி இறங்கும். சீட்டு சூடாகும்டா, ஓலேட்டா இடுப்புக்கு நல்லது" என்றேன்.

அவன் காரைப் பார்க்கவில்லை. மட்கார்டின் ஓரத்தை உள்ளங்கையால் தடவினான். அவனுக்கு அது பழக்கம், எந்தக் காரைக் கண்டாலும் தடவுவான்.

"நல்லா அடிச்சிருக்கான்" என்றான். "ஆனா டென்வர், இது வேஷம் கட்டுனது. அங்க இருக்கிறது ஆளு."

"ஆளுக்கு அம்பத்தி மூணு வயசு ஆயிடுச்சு."

"எனக்கு எழுவத்தி நாலு. நீ என்னைய எங்கடா விக்கப்போற?"

பிறகு கேட்டான். "அடியில படுத்துப் பாத்துச் சொல்றியா? உன்னவிட்டா ஆள் யாரு?"

உண்மைதான். என்னைவிட்டால் ஆள் இல்லை. அதுதான் சிக்கல். அந்தக் காருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சொல்கிறேன். எண்பத்தொன்றில் விற்குமுன் வெர்லின் காரை என்னிடம் கொண்டு வந்தான். உள்ளே கார்பெட் ஈரவாடை அடிக்கிறது, பார் என்றான். அவன் போன பிறகு கார்பெட்டைத் தூக்கினேன். ஓட்டுகிறவன் காலடியில் என் தொப்பி நுழைகிற அளவுக்கு ஓட்டை. கார் அப்படியே போனால் ஆயிரத்து நானூறுக்கு மேல் தேறாது. எனக்கு வேண்டியது இரண்டாயிரத்து நானூறு. என் பிக்கப் அப்போதுதான் செத்திருந்தது. அதன் இரண்டு நம்பர் பிளேட்டையும் கழற்றி ஓட்டை மேல் வைத்து ரிவிட் அடித்து, அடியில் கெட்டியாகத் தார் பூசினேன். கார்பெட்டை உலர்த்திப் போட்டேன். "தரைக்கு ஒண்ணுமில்லடா, வெறும் ஈரம்" என்று சொன்னேன்.

அப்போது எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள். தெருவில் கழற்றிய விளம்பரத் தகடு, பீர் டப்பா, எது கிடைத்தாலும் வைத்து அடைப்பார்கள். உப்பு தின்னாமல் இருக்க அடியெல்லாம் தார் பூசுவதுதான் இந்த ஊர் வழக்கம். அந்தத் தார்தான் உப்புத் தண்ணீரை உள்ளே பூட்டி வைத்து இரும்பைத் தின்னவிடுகிறது என்று எங்களுக்குத் தெரிய இருபது வருடம் ஆயிற்று. கெடுதல் வராமல் இருக்கவே கெடுத்தோம்.

டாக்டர் வீட்டுக்கு என் வண்டியில் போனோம். டாக்டரின் மகள் பவுலா கதவைத் திறந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. அப்பாவின் ஐம்பது வருடச் சாமானைத் தனியாளாகக் காலி செய்துகொண்டிருந்தாள், முகமெல்லாம் தூசி.

"மிஸ்டர் கேபர்ட், அப்பா உங்களப் பத்திச் சொல்லாத நாளில்ல" என்றாள். வெர்லின் அவள் வாயைப் பார்த்துத் தலையாட்டினான். "வண்டிய வெளியே விக்கிறதுக்கு முன்னாடி உங்களக் கேக்கணும்னு எழுதியே வச்சிருந்தார். எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது. இவருதான் பாக்கப்போறாரா?"

"ஆறாயிரம் வண்டி பார்த்த கை" என்று நான் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கார் ஷெட்டில் துணி போர்த்தி நின்றது. எலி வராமல் இருக்க டாக்டர் உள்ளே பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தார். வெர்லின் கதவைத் திறந்து, முதலில் பிட்டத்தை வைத்து, பிறகு ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தான். கிளட்சை மிதித்தான். பழைய கிளட்ச், பாறையைத் தள்ளுகிற மாதிரி. பாதியில் அவன் உதடு வெளுத்தது. விடாமல் கடைசி வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இறங்குது பாரு" என்றான்.

நான் அட்டையை விரித்து அடியில் படுத்தேன். படுக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. டார்ச்சை அடித்தேன். என் தார் அங்கேயே இருந்தது, காய்ந்து வெடித்து, பழைய செருப்புத் தோல் மாதிரி. ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓரத்தைத் தட்டினேன். ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து நெஞ்சில் விழுந்தது. உள்ளே என் பிக்கப்பின் நம்பர். கடைசி மூன்று எழுத்தும் பெயிண்ட் போகாமல் தெரிந்தது. பக்கத்தில் முன்சக்கரத்தின் பாரத்தைத் தாங்குகிற பெட்டி இரும்பைக் குத்திப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. வெல்லத்தைக் குத்துகிற மாதிரி. நல்ல பள்ளம் ஒன்றில் இறங்கினால் ஓட்டுகிறவன் இருக்கையோடு ரோட்டில் உட்காருவான்.

மேலே வெர்லின் கியரை முன்னும் பின்னும் போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. அசதி என்றால் அப்படி ஒரு அசதி. அங்கேயே தூங்கிவிடலாம் போலிருந்தது. தரை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் என் பெயர் தப்பும், அவன் பணமும் இரண்டு வெயில்காலமும் போய்விடும். தரை போய்விட்டது என்று மட்டும் சொன்னால், "நான் விக்கும்போது நீதான பாத்தே" என்பான்.

வெளியே வந்து, "நாளைக்குச் சொல்றோம்மா" என்று பவுலாவிடம் சொன்னேன். வெர்லின் சட்டைப்பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தே விட்டான். அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

வண்டியில் வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வது சுலபம். ஆனால் ஓட்டுகிற நான் இடது பக்கம், என் பக்கம் இருப்பது அவனுடைய செத்த காது. நான் ஒருமுறை முணுமுணுத்தும் பார்த்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் தானியக் கிடங்கு ஓரம் வண்டியை நிறுத்தி, அவன் தோளைத் தட்டித் திருப்பி, முகத்துக்கு நேரே முகம் வைத்துச் சொன்னேன். ஓட்டை, நம்பர் பிளேட், தார், இரண்டாயிரத்து நானூறு, எல்லாம்.

அவன் என் வாயையே பார்த்தான். முடிந்த பிறகும் பார்த்தான்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றான். "முழுசா புரியல."

புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன்.

"நாப்பது வருஷம்" என்றான். "நடுத்தெருவுல அந்த மனுஷன் என் வாக்கச் சொல்லிக் கத்துனாரு. நான் தொப்பியத் தொட்டுக்கிட்டு நின்னேன்."

"உனக்குத் தெரியாதுடா அது."

"அவருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். நீ எங்க நின்ன?"

அவன் பக்கத்தில்தான் நின்றேன். பாதி வருடங்கள் அந்த மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் என் நாற்காலி.

"அந்தப் பணத்த ஏன் நான் கேக்கலன்னு தெரியுமா?" என்றான். "உன் கடையத் தாண்டிப் போறப்பல்லாம் என் வண்டி அங்க நிக்கிதுன்னு நெனச்சுக்குவேன். கம்பம் நட்டு, வெளக்குப் போட்டு." கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். வீட்டுக்கு முக்கால் மைல். அந்த முட்டியை வைத்துக்கொண்டு நடந்தே போனான். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஓலேட்டா போன் செய்தாள். அவர்கள் சபைக்காரர்கள், என்னை எப்போதும் பிரதர் என்றுதான் கூப்பிடுவாள்.

"பிரதர், இவரு சாப்பிடாம உக்காந்திருக்காரு. பீன்ஸ் வேகவச்சு வெங்காயம் நறுக்கி வச்சாக்கூடத் தொடல. நீங்க என்ன செஞ்சீங்க?"

"அவன் சொல்லலியா சிஸ்டர்?"

"சொல்லிட்டாரு. உங்க வாயால கேக்கலாம்னுதான் போட்டேன்."

சொன்னேன். இது மூன்றாம் தடவை, போனில். சுலபமாகவே இல்லை. அவள் கேட்டுவிட்டு, "சரி பிரதர். சனிக்கிழமை கூட்டிட்டு வரேன். அந்தச் செவப்பு வண்டிய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். வெர்லின் எனக்கு வணக்கம் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சிவப்பு மஸ்டாங்கில் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தான். உதடு வெளுக்கவில்லை. மறுபடி மிதித்தான். பத்துத் தடவை இருக்கும். ஓலேட்டா பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"பின்னால பாத்தா ஒண்ணும் தெரியல. கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றான்.

"பின்னால எதுக்குப் பாக்கணும்? நீங்க முன்னால பாத்து ஓட்டுங்க" என்றாள் ஓலேட்டா.

"பழசுல நாலு பக்கமும் ஆகாசம் தெரியும்."

"காலடியில ரோடும் தெரியும்" என்றாள். "அதான் பிரதர் ஓட்டை வச்சுக் குடுத்தாரே."

வெர்லின் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆற்றோரச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அரைமணி கழித்து வந்தார்கள்.

"அந்தப் பழசச் சரிபண்ண எவ்வளவு ஆகும்?" என்று என்னைக் கேட்டான்.

"எட்டாயிரம். ஒரு வருஷம். நல்ல வெல்டர் கெடைச்சா. என்னால இனிமே படுத்து எழுந்திருக்க முடியாது."

"எனக்கு இருக்கிறதே ரெண்டு வெயில்காலம். ஒண்ண ஜாக்கி மேல நிக்கிறதப் பாத்துக்கிட்டுக் கழிக்க முடியாது." மட்கார்டை ஒரு தடவை தடவினான். "இதுவே போதும். வேஷங்கட்டுனதா இருந்தா என்ன, எறங்குற கிளட்ச்."

அலுத்துப்போய்ச் சொன்னான். மனம் நிறைந்து சொல்லவில்லை. ஆனால் சொன்னால் மாற மாட்டான்.

நான் காகிதத்தை எடுத்தேன். "பதின்மூவாயிரத்துத் தொள்ளாயிரம். அதுல நான் தர வேண்டிய ரெண்டாயிரத்து நானூறு கழிச்சா பதினோராயிரத்து ஐநூறு. நாப்பத்திரண்டு வருஷ வட்டிக்கு இன்னும் மூவாயிரம் தள்ளிக்க."

"தள்ளாத" என்றான். பதின்மூன்றாயிரத்துத் தொள்ளாயிரத்துக்குச் செக் எழுதி மேசை மேல் வைத்தான். "வண்டி வேற. அந்தப் பணம் என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

"டாக்டரு நல்ல தரைக்குக் காசு குடுத்தாரு. நல்ல தரை கெடைக்கல. அது அந்தப் பொண்ணுது."

"டேய், ஓட்டையோட வித்திருந்தாலும் ஆயிரத்து நானூறு வந்திருக்கும். வித்தியாசம் ஆயிரம்தான்."

"நீ எங்கிட்ட வாங்குனது ரெண்டாயிரத்து நானூறு."

"சரி, குடுக்கிறேன். நீ கொண்டுபோய்க் குடு."

"நீ குடு. எதுக்குன்னு உன் வாயால சொல்லு. இல்லன்னா அவ நாளைக்கு எவனுக்காவது அந்த வண்டிய நல்ல வண்டின்னு விப்பா. அப்ப பொய் அவளுதாயிடும்."

"ஊரெல்லாம் தெரிஞ்சுடும்டா. நான் இந்த ஊர்ல…"

"உன் கம்பம் இருபதடி" என்றான். "அவ்வளவு சீக்கிரம் விழாது."

காசுப் பெட்டியைத் திறந்தேன். நூறு டாலர் தாள்களை எடுத்து உறையில் போட்டேன். என் ஆயுளில் எத்தனையோ பேரை முறைத்துப் பார்த்தே விலை குறைக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு உறையை ஒட்டக்கூடக் கை வரவில்லை.

சிவப்புக் காரில் போனோம். வெர்லின் ஓட்டினான், நான் பக்கத்தில். ஓலேட்டா பின்சீட்டில் முட்டி இடிக்க மடங்கி உட்கார்ந்துகொண்டு, சூடாகிற சீட்டைப் பிரதருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்குச் சீட்டு சூடாகிறதா இல்லையா என்று தெரியவில்லை.

பவுலா ஷெட் வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு பெட்டி. அவள் அப்பா பிளாஸ்டரில் எடுத்து வைத்திருந்த பல் அச்சுகள், ஊரில் பாதிப் பேருடைய பல். என் பல்லும் அதில் இருக்கும்.

"முடிவு பண்ணிட்டீங்களா மிஸ்டர் கேபர்ட்?" என்றாள். பிறகு சிவப்புக் காரைப் பார்த்தாள். "ஓ."

வெர்லின் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். நான்காம் தடவை. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் வெர்லின் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, வாயைத் திறந்து சொன்னேன். எந்த இடத்தில் ஓட்டை, எதை வைத்து அடைத்தேன், எதற்காக அடைத்தேன்.

அவள் பச்சைக் காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அப்பா ஊர்வலத்துல கத்துனது?"

"பொய்யான வாக்கு. நான் குடுத்தது" என்றான் வெர்லின்.

"நெசம்னு நம்பித்தான் அவன் குடுத்தான்" என்றேன். "பொய் என்னுது."

"இப்ப என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. இந்த மாதத்தில் அவள் கேட்ட நூறு கெட்ட செய்தியில் இதுவும் ஒன்று என்கிற மாதிரி இருந்தது குரல்.

"உள்ளதச் சொல்லி வித்தா பதிமூணாயிரம். வேல தெரிஞ்சவன் வாங்குவான். அந்த மாதிரி ஆள நானே கூட்டிட்டு வரேன். உள்ளத நானே சொல்றேன்."

"இது?" உறையைக் காட்டினாள்.

"உங்கப்பா அன்னிக்குக் குடுத்த காசு. ரெண்டாயிரத்து நானூறு."

"எனக்கு எதுக்கு?"

"வாங்கிக்கம்மா" என்றாள் ஓலேட்டா பின்னாலிருந்து. "இவங்க ரெண்டு பேருக்கும் தூக்கம் வரணும்."

பவுலா வெர்லினைப் பார்த்தாள். அவன் தொப்பியைத் தொட்டான். அவள் பல் அச்சுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கால்சட்டையில் தூசியைத் துடைத்துக்கொண்டு, வலது கையை விரித்து நீட்டினாள்.

நான் உறையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். வாய்விட்டே எண்ணினேன், வெர்லினுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஒன்று. இரண்டு. பத்தைத் தாண்டும்போது இடுப்பில் கை வைத்து ஒரு மூச்சு வாங்கிக்கொண்டேன். அவள் கை அசையாமல் நின்றது. பதினேழு. பதினெட்டு. வெர்லின் உதடும் என்னோடு சேர்ந்து சத்தமில்லாமல் அசைந்தது. இருபத்து மூன்று. கடைசித் தாளை அவள் உள்ளங்கையில் வைத்து, இருபத்து நான்கு என்றேன்.